அசல் கைக்கு எட்டாவிட்டால் மறுபதிப்பு: கொழும்பில் ஆக்‌ஷன் ஃபிகர் சேர்க்கத் தொடங்குவோருக்கு

தொண்ணூறுகளில் சென்னைக்குப் போய்வந்த மாமா எனக்கு ஜி.ஐ. ஜோ என்ற, கை கால் அசையும் ஒரு படைவீரர் பொம்மை (ஆக்‌ஷன் ஃபிகர்) வாங்கி வந்தார். பொம்மையை ஒட்டி விற்கும் கடதாசி மட்டையில் ஃபன்ஸ்கூல் என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடப் பை, சாப்பாட்டு மேசை, குளியலறை என்று எல்லா இடமும் அதைக் கொண்டு திரிந்தேன். ஒரு நாள் இடுப்புக்குள் இருந்த றபர் வளையம் அறுந்து, உடம்பு ஒரு கையிலும் கால்கள் மறு கையிலுமாக நின்றேன். அம்மா அதை எறியவில்லை, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் கழிந்து, வீடு மாறும்போது அந்த ரின்னைத் திறந்த அன்றுதான் இந்தச் சேகரிப்பு தொடங்கியது.

அதற்குப் பிறகு தெரியவந்த விஷயம் ஒன்று. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் கீழ் 1987இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஃபன்ஸ்கூல் செய்த ஜி.ஐ. ஜோக்களை இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள். நம் வீட்டு ரின்னுக்குள் கிடந்த சாமான் இது.

பழைய பொம்மைகளைத் தேடிப் போனால் விலையைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும். அப்படிச் சோர்ந்த ஆட்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அசலைப் போலவே இன்று புதிதாகச் செய்து விற்கும் பொம்மைகள், அதாவது மறுபதிப்புகள், இருக்கின்றன, அவற்றை மட்டும் சேர்த்தே ஒரு நல்ல அலுமாரியை நிரப்பலாம். ஆனால் எது என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில் நான்கு வகையைப் பிரித்துப் பழகுங்கள்

விற்பவர்கள் இவற்றைக் கலந்து பேசுவார்கள், சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. அசல் என்றால் அந்தக் காலத்திலேயே தொழிற்சாலையிலிருந்து வந்தது. ரீஇஷ்யூ என்றால் உரிமை வைத்திருக்கும் கம்பனியே பழைய பொம்மையைப் பழைய மாதிரியே மறுபடி வெளியிடுவது. ரீமேக் என்றால் பழைய பொம்மையை மனதில் வைத்துப் புதிய அச்சில் செய்தது. முகம் அதே முகம், மூட்டுகள் மட்டும் கூடியிருக்கும், அல்லது மட்டை பழையது போலிருக்கும், உள்ளே இருப்பது முற்றிலும் புதிது. நான்காவது ரெப்ரோ. யாரோ ஒருவர் உரிமை இல்லாமல் அச்செடுத்து ஊற்றியது. உடைந்த துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு ரெப்ரோ துப்பாக்கி வைத்துக்கொள்வதில் எனக்குப் பிரச்சினை இல்லை, அதை அசல் என்று சொல்லி விற்பதில்தான் பிரச்சினை.

இந்த நான்கில் என்னை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது மூன்றாவது வகை, அதிலும் ஒருபோதும் கடைக்கு வராத பொம்மைகளின் ரீமேக். ஸ்டார் வோர்ஸ் படம் வந்தது 1977இல், கென்னர் கம்பனியின் முதல் 12 பொம்மைகள் கடைக்கு வந்தது 1978இல். 1979இல் போபா ஃபெட் என்ற பாத்திரத்தை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மையாக, தபாலில் தருவதாக விளம்பரம் செய்தார்கள்: நான்கு பொம்மை வாங்கிய அத்தாட்சியை அனுப்ப வேண்டும். அதற்குள் வேறொரு கம்பனியின் விளையாட்டு விண்கலத்திலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் ராக்கெட்டைப் பாயவிடாமல் ஒட்டியே அனுப்பியது. பாயும் மாதிரி முன்மாதிரிகள் சில மட்டும் வெளியே தப்பி வந்தன, அவற்றில் ஒன்று 2024இல் அமெரிக்க ஏலத்தில் 5,25,000 டொலருக்குப் போனது. நீங்களும் நானும் அதைத் தொடப் போவதில்லை. ஆனால் 2010இல், கென்னரைப் பின்னாளில் தன்வசமாக்கிய ஹஸ்ப்ரோ தன் வின்டேஜ் கலெக்‌ஷன் வரிசையைத் தொடங்கியபோது அதே ராக்கெட் போபா ஃபெட்டை, அதே மாதிரி தபால் சலுகையாகவே கொடுத்தது. முப்பது வருடத்துக்கு முன் குழந்தைகளுக்குச் சொன்ன ஒரு வாக்கைப் பிந்தியாவது காப்பாற்றியது போல எனக்குப் பட்டது.

இதே மாதிரி 1979இல் ஏலியன் படத்துக்குக் கென்னர் சிறிய பொம்மைகளைத் தயார் செய்துவிட்டுக் கைவிட்டது, ஏனென்றால் படமே குழந்தைகள் பார்க்கக்கூடாத படம். அந்த முன்மாதிரிகளை வைத்து சூப்பர்7 என்ற சான் பிரான்சிஸ்கோ கம்பனி ரீஆக்‌ஷன் என்ற பெயரில் 2013 வாக்கில் அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஹீ-மேன் பொம்மைகள் வரும் மாஸ்டர்ஸ் ஒஃப் த யூனிவர்ஸில் ஹீ-ரோ என்று ஒருவன், 1987இல் திட்டமிட்டுக் கடைக்கு வராதவன், 2009இல் கிளாசிக்ஸ் வரிசையில் வந்தான். இந்தப் பொம்மைகளுக்குக் கடையில் விற்ற அசல் என்று ஒன்றே இல்லை. ரீமேக் என்றால் இரண்டாம் தரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வரிசையில் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒன்றொன்று வாங்கினால் அலுமாரி சந்தைக்கடை போலாகும், காசும் போகும். ஒரு வரிசை, ஒரு அளவு, முதல் வருடத்துக்கு ஒரு தட்டு. இதை மட்டும் கடைப்பிடியுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது ஸ்டார் வோர்ஸில். ஹஸ்ப்ரோ இரண்டு வரிசை வைத்திருக்கிறது, இரண்டும் 3.75 இஞ்சி, இரண்டு மட்டையிலும் கென்னர் பெயர் இருக்கும். 2019இல் வந்த ரெட்ரோ கலெக்‌ஷனில் பொம்மையே பழைய மாதிரி: கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை என்று ஐந்து மூட்டு மட்டும், முகம் எளிமையாக, நிறம் தட்டையாக. வின்டேஜ் கலெக்‌ஷனில் மட்டைதான் பழைய மாதிரி, உள்ளே முழங்கால் முழங்கை மடங்கும் புதிய பொம்மை. படத்தைப் பார்த்து ஓடர் போட்டுவிட்டு, வந்த பிறகு இது நான் நினைத்தது இல்லையே என்று சொன்ன இரண்டு பேரை எனக்குத் தெரியும். சிறுவயதுப் பொம்மையின் உணர்வு வேண்டுமென்றால் ரெட்ரோ. மட்டையோடு சுவரில் மாட்டப் போகிறீர்களென்றால் வின்டேஜ். எழுபதுகளில் கென்னர் செய்யாமலே விட்ட கிராண்ட் மொஃப் டார்க்கின் என்ற பாத்திரத்தை 2019இல் ரெட்ரோ பாணியில் செய்து, ஒரு பலகை விளையாட்டுப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். மற்றவற்றோடு நிறுத்திப் பார்த்தால் 1978இலேயே இருந்தவர் போல நிற்பார்.

ஹீ-மேன் பக்கம் மனம் போகிறதென்றால் அதைச் செய்யும் மட்டேல் கம்பனியின் ஒரிஜின்ஸ் வரிசையைப் பாருங்கள், 2020இல் கடைகளுக்கு வந்தது. 1982இன் அதே 5.5 இஞ்சி அளவு, அதே முறுக்கேறிய உடம்பு, ஆனால் முழங்காலும் முழங்கையும் மடங்கும், கை கால் தலையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நான் சொல்வது இதைத்தான். தடித்த பொம்மை, பிள்ளை கையில் கொடுக்கப் பயமில்லை.

துணி உடுத்திய 8 இஞ்சி பொம்மை பிடிக்குமென்றால் மேகோ. எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்து, ஸ்டார் வோர்ஸ் உரிமையை வேண்டாம் என்று விட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் மூழ்கிப்போன கம்பனி. அதை நடத்திய மார்ட்டி ஏப்ரம்ஸே 2018இல் மறுபடி தொடங்கினார். துணி என்பதால் நம் ஊர் ஈரலிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். உருமாறும் ரோபோ பொம்மைகளான டிரான்ஸ்ஃபோர்மர்ஸில் ரீஇஷ்யூ நிறைய உண்டு, நகலும் நிறைய உண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில வேளை அனுபவசாலிக்கே தெரியாது. அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் எங்கே வாங்குவது

புறக்கோட்டைக்குப் போகாமல் யாரும் தொடங்குவதில்லை, நானும் அப்படித்தான். மெயின் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் விளையாட்டுச் சாமான் மலைபோல இருக்கும். ஆனால் உரிமம் பெற்ற மறுபதிப்பு அங்கே கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் பார்க்கப் போவது கம்பனிப் பெயர் இல்லாத நகல்தான். ஆசைக்கு ஒன்று வாங்கலாம், விரலால் தேய்த்தால் பெயின்ட் வருகிறதா, பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கும் வாசம் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானதைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெரிய அங்காடிக் கடைகளில் ஹஸ்ப்ரோ, மட்டேல் சாமான் இருக்கும், ஆனால் அது இன்றைய பிள்ளைகளுக்கான வரிசை. எப்போதாவது ஒரு ஒரிஜின்ஸ் தலைகாட்டும், பார்த்தால் அன்றே வாங்கிவிடுங்கள்.

இக்மன் விளம்பரத் தளத்தில் தேடும்போது ஆக்‌ஷன் ஃபிகர் என்று மட்டும் தேடாமல் பழைய பொம்மை, விளையாட்டுச் சாமான் தொகுதி என்றும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தேடிப் பாருங்கள். வீடு காலி செய்பவர்களுக்குத் தாங்கள் விற்பது என்னவென்றே தெரியாமலிருக்கும். லங்கா கொமிக் கொன் என்ற ரசிகர் விழா நடந்தால் கட்டாயம் போங்கள், வாங்குவதை விட ஆட்களைப் பழகுவதற்கு. இந்தப் பழக்கம் உள்ள ஒருவர் தன்னிடம் இரண்டு இருந்தால் ஒன்றை உங்களுக்குத் தருவார். என் அலுமாரியில் பாதி அப்படி வந்தது.

மீதிப் பாதி சூட்கேஸில் வந்தது. நம்மில் யாருக்குத்தான் ஸ்காபரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு சித்தியோ மச்சானோ இல்லை? கென்னர் அளவு மட்டை 6க்கு 9 இஞ்சிதான், இரண்டு தடித்த மட்டைக்கு நடுவே வைத்துச் சேலைகளுக்கு இடையில் சொருகினால் அலுங்காமல் வரும். ஆனால் ஒரு மரியாதை இருக்கிறது. வருகிறவரிடம் ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள், முன்கூட்டியே காசை அனுப்பிவிடுங்கள், கடைக்கு அலைய விடாமல் அவர் வீட்டுக்கே போய்ச் சேரும்படி நீங்களே ஓடர் போடுங்கள். என் சித்தி இன்றைக்கும் வரும்போது உன்ர பொம்மை ஏதும் இருக்கா என்று அவராகவே கேட்கிறார் என்றால், நான் இதைத் தவறாமல் செய்ததால்தான்.

பொதியாக வரவழைப்பதென்றால்

ஈபேயில் விலையைக் கேட்கிற விலையாகப் பார்க்காதீர்கள், யாரும் எதையும் கேட்கலாம். விற்றுமுடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, கடைசியாக உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். 2019இல் ஒரு ரெட்ரோ பொம்மை அமெரிக்கக் கடையில் சுமார் 10 டொலர், அதை 60க்குப் போட்டிருப்பவர் வாங்குபவரின் அறியாமைக்கு விலை போடுகிறார்.

அப்புறம் அனுப்பும் செலவு. கூரியர் கம்பனிகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் கிலோவாக எடுத்துக்கொண்டு, இரண்டில் கூடியதற்குக் காசு கேட்பார்கள். 30க்கு 25க்கு 15 பெட்டி என்றால் 11,250, வகுத்தால் 2.25 கிலோ, உள்ளே இருக்கும் பொம்மை 200 கிராம் என்றாலும் கணக்கு அதுதான். அதனால் மட்டை இல்லாத பொம்மைகளை நான்கைந்தாகச் சேர்த்து எடுப்பது நம்மூருக்குக் கட்டுப்படியாகும். மட்டையோடு உள்ளதைச் சூட்கேஸுக்கு விடுங்கள்.

சுங்கம் பற்றி ஒரே ஒரு அறிவுரை: விளையாட்டுச் சாமான் 9503 என்ற தலைப்பின் கீழ் வரும், அன்றைய வரி வீதத்தை இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு ஓடர் போடுங்கள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். பொதி மாட்டினாலும் தொலைந்தாலும் நஷ்டம் உங்களுக்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் போனதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள், அந்த வருடம் நான் ஒன்றும் வாங்கவில்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ரூபாயில் ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள், டொலரில் போடாதீர்கள்.

விற்பவரிடம் ஓடருக்கு முன் கேட்க வேண்டியது: பெட்டிக்குள் வைத்து அனுப்புவீர்களா? ஒரு முறை ஒரு வெளிநாட்டு விற்பனையாளர் மட்டையோடு இருந்த பொம்மையைக் குமிழ் உறைக்குள் மட்டும் போட்டு அனுப்பினார். என் கைக்கு வரும்போது பிளாஸ்டிக் கூடு நசுங்கி அப்பளம் போலிருந்தது. அதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் காசு கட்டுவதில்லை.

கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை

பொதியைத் திறப்பதைக் கைபேசியில் படமெடுங்கள். பிறகு பொம்மையின் காலின் பின்பக்கம் அல்லது முதுகைப் பாருங்கள், சிறிய எழுத்தில் உரிமை வருடமும் கம்பனிப் பெயரும் இருக்கும். மறுபதிப்பு என்றால் புதிய உரிமையாளரின் குறி எங்காவது இருக்க வேண்டும், ஸ்டார் வோர்ஸ் என்றால் மட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தில் ஹஸ்ப்ரோ என்றிருக்கும். கென்னர் 1991இல் ஹஸ்ப்ரோவின் கைக்குப் போனது, அதனால் 1978 மட்டையில் ஹஸ்ப்ரோ பெயர் இருக்கவே முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் பேர் உங்களை ஏமாற்ற முடியாது. எந்தக் குறியும் இல்லாமல், இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடம் இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள்.

மட்டை உண்மையா என்று பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். அச்சகத்தில் அடித்த மட்டையில் நிறங்கள் ஒழுங்கான புள்ளிகளாகத் தெரியும், வீட்டுப் பிரின்டரில் அடித்தது மை தூவியது போலிருக்கும். பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பில் டோர்ச் அடித்துப் பாருங்கள், பசை இரண்டு தடவை ஒட்டியது தெரிந்துவிடும்.

ஸ்டார் வோர்ஸின் குட்டித் துப்பாக்கிகளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை பற்றிக் கேள்விப்படுவீர்கள்: அசல் மிதக்கும், நகல் தாழும் என்று. பொதுவாகச் சரி, ஆனால் தாழும் அசலும் உண்டு, மிதக்கும் நகலும் உண்டு. அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

கொழும்பின் ஈரலிப்பு

வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுதாத பகுதி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த வீட்டில், என் முதல் வின்டேஜ் மட்டைகள் ஆறை அலுமாரிக்கு மேல் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்து இறக்கிப் பார்த்தால் எல்லா மட்டையும் ஓடு போல வளைந்து, இரண்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடதாசி போய்விட்டது.

அதற்குப் பிறகு கற்றது. வெளிச்சுவரில் மட்டைகளைச் சாய்க்க வேண்டாம், அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மட்டைக்கு அளவான கடின பிளாஸ்டிக் கூடு ஒன்று வாங்குங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். மாதத்துக்கு ஒரு தடவை அலுமாரியைத் திறந்து ஒரு மணி நேரம் மின்விசிறியைப் போட்டு விடுங்கள். வெயில் நேரே படவே கூடாது, நிறம் வெளிறும், வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டோர்ம்ட்ரூப்பர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையோடு ஒட்டிய தட்டில் மட்டை வைத்தால் கறையான், வெள்ளிப்பூச்சி இரண்டுக்கும் விருந்து.

மென்மையான பிளாஸ்டிக் பொம்மை சில வருடத்தில் பிசுபிசுக்கத் தொடங்கும். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே வருவதுதான் காரணம், வெக்கையில் அது விரைவாக நடக்கும். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மென்மையான பல் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். பெற்றோல், தின்னர் எதுவும் கிட்டவே வேண்டாம். முக்கியமாக, மென்மையான பிவிசிப் பைக்குள்ளோ உறைக்குள்ளோ நீண்ட காலம் வைக்காதீர்கள், பையும் பொம்மையும் ஒன்றோடொன்று ஒட்டி பெயின்ட்டைத் தூக்கிவிடும். பொலிப்புரொப்பிலீன் ஸிப் பை, அதிலும் சிறிது காற்றுப் போக இடம் விட்டு வைத்தால் போதும்.

நிற்க முடியாமல் கால் வளைந்து சாய்ந்தால் பயப்பட வேண்டாம். சூடான நீரில் ஒரு நிமிடம் காலை மட்டும் அமிழ்த்தி, கையால் நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். கொதிநீர் வேண்டாம். இறுகிப்போன மூட்டையும் இப்படிச் சூடாக்கிய பிறகே அசைக்க வேண்டும், பலத்தால் திருப்பினால் முறியும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு வரி: என்ன வரிசை, எந்த வருடத்து மறுபதிப்பு, எங்கே வாங்கியது, என்ன விலை, துப்பாக்கி அசலா ரெப்ரோவா. ரெப்ரோ என்றால் அதன் உள்பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். நாளை நீங்கள் விற்றாலும், உங்கள் பிள்ளை விற்றாலும், வாங்குகிறவர் ஏமாறக்கூடாது. நல்ல மறுபதிப்புகளின் பெயரைக் கெடுப்பது அவற்றைப் பழையது என்று தள்ளிவிடும் ஆட்கள்தான், அந்தச் சங்கிலியில் நம் கை இருக்க வேண்டாம்.

ஜி.ஐ. ஜோ வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பழைய 3.75 இஞ்சி ஜோக்களின் இடுப்பைப் பிடித்திருப்பது ஓ-ரிங் என்ற றபர் வளையமும் ஒரு உலோகக் கொக்கியும். ஹஸ்ப்ரோ அண்மையில் அதே ஓ-ரிங் கட்டமைப்பிலேயே சிலரை மறுபடி செய்திருக்கிறது, அதனால் இது புதியவர்களுக்கும் பொருந்தும். றபர் காய்ந்து அறுவது நோயல்ல, வயது. முதுகில் இருக்கும் ஒரே திருகாணியைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் கழற்றி, பழைய வளையத்தையும், வளையம் அறுந்திருந்தால் அளவு பார்க்கக் கொக்கியையும் கூட, கையோடு எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், வாகன உதிரிப்பாகக் கடைகளில் அளவு பார்த்துத் தருவார்கள். கல்லாவில் இருப்பவர் எந்த வாகனத்துக்கு என்று கேட்பார், பொம்மையையே எடுத்துக் காட்டிவிடுங்கள். மாமா வாங்கித் தந்த ஜோவை நான் அப்படித்தான் நிமிர்த்தினேன். வாங்கும்போது ஐந்தாக வாங்கி, ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காற்றுப் புகாத சின்னப் போத்தலில் வெளிச்சம் படாமல் வையுங்கள்.